அப்புறம் என்று கேட்ட அக்கா

அந்த அக்கா யாரையும் எதிர்த்துப் பேசினதில்லை. யார் எது சொன்னாலும் முதலில் "சரி" என்பாங்க. பிறகு ஒரே வார்த்தை. "அப்புறம்?" அதுக்குப் பதில் சொல்ல முடியாமல் பெரிய ஆளுங்க வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனதை நான் பார்த்திருக்கேன்.

தெருவில் அதுவே அவங்களுக்குப் பேராகிவிட்டது. "அதோ அப்புறம் வருது பாரு" என்பார் சைக்கிள் கடைக்காரர். காதில் விழட்டும் என்றுதான் சொல்வார். அக்கா நின்று, "வருது. அப்புறம்?" என்பாங்க. பஞ்சர் ஒட்ட வந்தவங்க சிரிப்பாங்க. அவரும் சிரிப்பார். சிரித்தாலும் அவருக்கு அக்காவைப் பிடிக்காது.

நான் கொத்தனார். பிள்ளையார்பாளையத்தில் அவங்க தெரு முடிகிற இடத்தில் ஒரு கிணறு உண்டு. கிணற்றுக்கு இந்தப் பக்கம் தெரு. நெசவு வீடுங்க. அந்தப் பக்கம் எங்க காலனி. பன்னிரண்டு வீடு. கிணறு தெருவோடது. எங்களுக்கு அடிபம்பு. அடிபம்பில் காற்று வரும் நாளில் நாங்க குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் வந்து நிற்போம். தெருக்காரங்க யாராவது சேந்தி ஊற்றுவாங்க. நாங்களே சேந்துவதில்லை. சேந்தக்கூடாது என்று போர்டு எதுவும் கிடையாது. பழக்கம்.

அக்காவின் தறிக்குழியைக் கட்டினது நான். வீட்டுக்காரர் கால் விழுந்து படுத்த பிறகு அவங்களே குழியில் இறங்கி நெய்ய ஆரம்பிச்சாங்க. பழைய குழி சரிந்துகொண்டிருந்தது. காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்க இடுப்பளவு ஆழம் வேணும். நான் நாலு பக்கமும் செங்கல் வைத்துப் பூசிவிட்டு, அடியிலும் சிமெண்ட் போட்டுவிடலாம் என்றேன்.

"சரி" என்றாங்க. "அப்புறம்?"

"அப்புறம் இன்னாக்கா? சுத்தமா இருக்கும். பூச்சி பொட்டு வராது."

"இழை?"

எனக்குப் புரியவில்லை. அவங்க தறியில் கட்டியிருந்த பாவைக் காட்டினாங்க. ஆயிரக்கணக்கான பட்டு இழை. "இதுக்கு ஈரம் வேணும்பா. மண்ணுல இருந்து ஏறுற ஈரம். நான் கல்யாணம் ஆகி வந்தப்ப சித்திரை வைகாசியிலதான் இழை அறும். இப்ப தை மாசமே அறுது. காத்து காய்ஞ்சி போச்சி. நீ கீழயும் சிமெண்டு போட்டுட்டா நாள் முழுக்க முடிச்சிதான் போட்டுக்கினு இருக்கணும்."

அதனால் அடியை மண்ணாகவே விட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளணும். பின்னால் வரும்.

வெயில் கூடிப்போச்சா, மழை குறைஞ்சி போச்சா என்று டீக்கடையில் சண்டை போடுவாங்க. சைக்கிள் கடைக்காரர், "எல்லாம் அப்பவும் இப்படித்தான். நமக்கு வயசாயிடுச்சி, அதான் வெயில் உறைக்குது" என்பார். அக்கா அந்தச் சண்டையில் சேர்ந்ததில்லை. இழை அறுவதைத் தினம் எண்ணுகிறவங்களுக்கு அதில் என்ன சண்டை.

ஒரு தடவை பஜனைக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டாங்க. நகராட்சி ஆபீசிலிருந்து சின்ன வயசு இன்ஜினீயர் ஒருத்தர் வந்தார். திரை கட்டிப் படம் காட்டினார். பூமி உருண்டை சிவப்பாகிறது. பனி உருகுகிறது. பாளமாக வெடித்த ஏரி. ஒரு மணி நேரம். நாங்க காலனி ஆளுங்க மண்டபத்துப் படியில் நின்று பார்த்தோம். கடைசியில் அவர், "இதெல்லாம் உண்மையான்னு உங்களுக்குச் சந்தேகம் வரலாம்" என்றார்.

அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாங்க. "சந்தேகம் இல்ல சார். நீங்க சொல்றது நெஜம்தான். அப்புறம்?"

"அப்புறம்... விழிப்புணர்வு வேணும்மா."

"வந்துடுச்சி சார். அப்புறம்?"

மண்டபமே சிரித்தது. அவர் முகம் சிவந்துபோச்சு. மரம் நடலாம் என்றார்.

"சரி சார். தெருவுல நட்டா பாவு எங்க நீட்றது? காலையில தெரு நீளத்துக்கும் பாவைக் கட்டிக் கஞ்சி போடறோம். நடுவுல மரம் நின்னா?"

"ஓரமா நடுங்க."

"ஓரமா நடறோம். தண்ணி யாரு ஊத்துவா?"

"நீங்கதான்மா."

"வூட்டுக்கு நாலு கொடம் சார். எந்தக் கொடத்தை ஊத்தட்டும்? அதையும் சொல்லிட்டுப் போங்க."

இதைக் கேட்டுத் தெருவில் பாதிப்பேர், பொம்பளைக்கு வாய் நீளம் என்றாங்க. வேலை எதுவும் ஆகக்கூடாதுன்னு குறுக்கே விழுகிறவங்க என்றும் சொன்னாங்க. அப்படி இல்லை. கன்றுங்க வந்து இறங்கினதும் அவங்க பத்துக் கன்றை வாங்கி வீட்டு வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணி போகும் இடமாகப் பார்த்து வைத்தாங்க. தெரு ஓரத்தில் கூண்டு போட்டு வைத்ததெல்லாம் பங்குனிக்குள் காய்ந்தது. கூண்டை யாரோ கோழி அடைக்கக் கொண்டுபோனாங்க. அவங்க வைத்ததில் ஏழு நின்றது. அந்த ஏழு கன்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவங்க பதில் தெரியாமல் கேட்டதில்லை. தெரிந்துகொண்டுதான் கேட்டாங்க. அதுதான் எல்லாருக்கும் எரிச்சல்.

வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டணும், கட்டாத வீட்டுக்குக் குடிநீர்க் குழாயைத் துண்டிச்சிடுவோம் என்று நோட்டீஸ் வந்த வருஷம். பாலாறு மணலாகக் கிடந்தது. தெருக் கிணற்றில் வாளி விட்டால் சேறு வந்தது. வேணாம் என்று யாரும் சொல்லவில்லை. எப்படி என்பதில்தான் சிக்கல்.

தெருவில் ஒவ்வொரு வீடும் ரயில் பெட்டி மாதிரி. முன்னால் வாசல், நடுவில் தறி, பின்னால் கழுவுமிடம். எங்கே குழி எடுத்தாலும் தறிக்குழிக்கு நாலு முழத்தில்தான் வரும். அங்கே மழைத்தண்ணியை இறக்கினால் அது தறிக்குழியில்தான் ஊறி வரும். இது நோட்டீஸ் எழுதினவங்களுக்குத் தெரியாது. அவங்க வீட்டில் தறி இல்லை.

இதுக்காக மறுபடி மண்டபத்தில் கூட்டம் போட்டப்போ அக்கா ஒரு வழி சொன்னாங்க. வீட்டுக்கு வீடு குழி வேணாம். எல்லா ஓட்டுத் தண்ணியையும் குழாயில் இறக்கி, தெரு ஓரமாக ஒரே கால்வாய். மேலே கல் பலகை. கால்வாய் கிணற்றுக்குப் போகட்டும். கால்வாய் முடிகிற இடத்தில் ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி கட்டி, வடிகட்டி உள்ளே விடலாம். தெருவில் முப்பது வீடு.

"அந்தப் பக்கம் பன்னெண்டு வீடு" என்றாங்க. "அதுவும் கெணத்தைப் பாத்த சரிவுதான். அதையும் சேத்துக்கினா நாப்பத்தி ரெண்டு ஓடு. ஒரு மழைக்கே கெணறு ஏறும். ஏறினா எல்லாரும் சேந்தலாம்."

எல்லாரும் என்ற சொல்லை அவங்க அழுத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாங்க. படியில் நின்ற நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

இன்ஜினீயருக்கு அந்த வழி பிடித்துப்போச்சு. "தெருவே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா நான் மேல பேசிப் பார்க்கறேன்" என்றார். மாடி வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். தெருவில் பாதித் தறிக்குப் பாவும், குறுக்கே ஓட்டுகிற ஊடை இழையும் கொடுத்து நெய்யச் சொல்பவர் அவர்தான். அக்கா தறிக்கும் அவர்தான். கிணற்றை ஒட்டின வீடு அவருடையது.

"நல்ல யோசனைதான்" என்றார். "ஆனா வாட்டம் இருக்குதா? ரோடு மேடும் பள்ளமுமா கெடக்குது. தண்ணி கெணத்துக்குப் போவுமா, நம்ம வாசல்ல நிக்குமா? அளந்து பாக்காம சொல்லக்கூடாது."

அவர் கேட்டதில் தப்பில்லை. தாரை மேலே மேலே போட்டதில் தெரு கோணலாகிக் கிடந்தது. தூறல் போட்டால் அங்கங்கே தண்ணி நிற்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அக்கா படிப்பக்கம் திரும்பினாங்க. "கொத்தனார் இருக்குதே. டியூப் வச்சி மட்டம் பாக்கட்டும். ஞாயித்துக்கெழமை சொல்லட்டும்."

சரி என்றேன்.

டியூப் என்பது வேறொன்றுமில்லை. தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணி. இரண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டே போகணும். தண்ணிக்கு ஆள் தெரியாது. பொய் சொல்லாது. என் மச்சான் ஒரு முனையைப் பிடித்தான். இரண்டு நாள் அளந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா தறியை விட்டு எழுந்து வந்து வாசலில் நின்று பார்ப்பாங்க. ஒன்றும் கேட்க மாட்டாங்க.

வாட்டம் இருந்தது. தெருத் தலையிலிருந்து கிணறு வரை ஒரு முழத்துக்கு மேல் இறக்கம். காலனிப் பக்கத்திலிருந்தும் அப்படியே. கிணறு வெட்டினவன் இடம் பார்த்துத்தான் வெட்டியிருந்தான்.

அப்போது நான் மாடி வீட்டில் இரண்டாவது மாடிக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாச வேலை. சனிக்கிழமை மத்தியானம் அவர் மேலே ஏறி வந்தார். கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாபா, வாட்டம் பாத்தியா?"

"பாத்தேங்க. இருக்குதுங்க."

"போதுமா?"

"தாராளமா போதும்ங்க."

எட்டிக் கிணற்றைப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் அது சின்ன வட்டம்.

"பாருபா, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் காலம் மாறினது தெரிஞ்சவன். ஆனா தெருவுல வயசானவங்க இருக்காங்க. நாளைக்கிக் கெணத்தண்ட ஒரு வார்த்தை வந்துச்சின்னா உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். உங்க பக்கம் தனியா ஒரு போர் போட்டுக் குடுக்கச் சொல்றேன். ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்குது. உங்க தண்ணி உங்களுக்கு. யார்கிட்டயும் வந்து நிக்க வேணாம். மரியாதையா இருக்கும்ல?"

நான் கரணையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கி வாட்டம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அப்புறம் இந்த மாடி முடிஞ்சதும் என் தம்பி வூடு ஒண்ணு இருக்குது. அதையும் நீயே பண்ணு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சரிதான் அது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எல்லாரும் இருந்தாங்க. என்னைப் படியிலிருந்து மேலே வரச் சொன்னார் மாடி வீட்டுக்காரர். அதுவரை நான் அந்த மண்டபத்தில் ஏறினதில்லை. ஏறினேன்.

"சொல்லுபா. வாட்டம் இருக்குதா?"

"இல்லீங்க."

மச்சான் படியில் நின்றான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா என்னைப் பார்த்தாங்க. கோபமாக இல்லை. கணக்குப் போடுகிற மாதிரி. "சரி" என்றாங்க. "எத்தினி விரக்கடை இல்ல?"

அதை நான் யோசித்து வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "நாலு."

"நாலு விரக்கடைதானே? கெணத்துப் பக்கம் கால்வாயை நாலு விரக்கடை ஆழமா எடுத்துக்கினா தீந்துது. அப்புறம்?"

சைக்கிள் கடைக்காரர்தான் எழுந்தார். "அப்புறம் அப்புறம்னா இன்னாமா? அவங்க ஓட்டுத் தண்ணி வந்து நம்ம கெணத்துல வுழும். நாளைக்கி அவங்க கயிறும் வுழும். அதைத்தான் யாரும் வாய் திறந்து சொல்லல. நான் சொல்லிட்டேன், போ."

"மழை எந்த ஓடுன்னு பாத்தாப்பா பெய்யுது?" என்றாங்க அக்கா.

"பெய்யறது வானத்துது. கெணறு நம்முது."

அக்கா தலையாட்டினாங்க. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா, அந்தத் தம்பி ரெண்டு நாளு டியூப்பைத் தூக்கிக்கினு வெயில்ல அலைஞ்சிருக்க வேணாம்ல."

என்னைத்தான் சொன்னாங்க. எனக்காகப் பேசினாங்க. நான் மண்டபத்து நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என்னை இறங்கு என்றும் யாரும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

இன்ஜினீயர் பேனாவை மூடினார். "அப்போ வீட்டுக்கு வீடு குழிதான்" என்று எழுந்தார். சுண்டல் கொடுத்தாங்க.

அடுத்த ஒரு மாசம் எனக்கு நல்ல வேலை. தெரு முழுக்கக் குழாய் நட்டேன். எப்படி நட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். ஓட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் கீழே இறங்கும். தரையில் ஒரு சாண் ஆழத்துக்குள் போய் நின்றுவிடும். சுற்றி நாலு செங்கல், மேலே ஒரு சிலாப். சிலாப்பில் காவி அடித்து மழைநீர் என்று எழுதிவிடுவோம். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் மண். ஆபீசிலிருந்து பார்க்க வந்த ஆள் வாசலில் நின்றே பார்த்தார். சிலாப்பைத் தூக்கச் சொல்லவில்லை. டிக் போட்டுக்கொண்டு போனார். டம்மி என்று அதற்குப் பேர். "டம்மி எப்ப போட வர்ற?" என்று கூச்சமில்லாமல் கேட்பாங்க. மாடி வீட்டுக்காரர் வீட்டிலும் டம்மிதான். மார்பிள் சிலாப் போட்ட டம்மி.

அக்கா வீட்டுக்குப் போனேன்.

"டம்மி போட்டுடலாங்க்கா. ஒரு மணி நேர வேலை."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. கொழாயைக் கட் பண்ண மாட்டாங்க."

"கொழாய்ல தண்ணி எங்கிருந்துபா வரும்?"

நான் கையிலிருந்த குழாயைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"நெஜமா போடு" என்றாங்க.

"தறிக்குழியில ஊறுங்க்கா. அடி மண்ணு. நான்தானே கட்டினேன்."

"ஊறும்னு தெரியும். ஊர் பூரா பொய்க் கொழாய் நட்டுக்கினு, அடுத்த வருஷம் மழைநீர் சேகரிப்பெல்லாம் வேலைக்கு ஆவாதுன்னு பேசுவாங்க. ஒரு வூட்லயாவது நெஜமா போட்டா, வேலைக்கு ஆவுதா இல்லையான்னு பாக்கலாம்ல."

உள்ளேயிருந்து அவங்க வீட்டுக்காரர் கத்தினார். "அடியே, ஊரோட ஒத்துப்போயேன். உனக்கு மட்டும் இன்னா?"

"நீ கம்முனு படு" என்றாங்க.

நான் முறையாக எடுத்தேன். ஆளுயரக் குழி. அடியில் கருங்கல், மேலே ஜல்லி, மேலே மணல். தெருவில் அது ஒன்றுதான் நிஜம். கூலி வாங்க மனசு வரவில்லை. அவங்க விடவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை வந்தது. இரண்டு வருஷம் வராததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி மூணு நாள். டம்மி வீடுங்களில் தண்ணி சிலாப்பிலிருந்து வழிந்து தெருவில் ஓடி, சாக்கடையில் விழுந்து ஊரை விட்டுப் போச்சு. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அக்கா வீட்டுக் குழி தண்ணியை ஒழுங்காகக் குடித்தது. குடித்ததைப் பக்கத்தில் விட்டது. தறிக்குழியின் மண் அடியிலிருந்து ஊற்று மாதிரி ஏறியது.

மச்சான் வந்து சொன்னதும் ஓடினேன். அக்கா குழிக்குள் நின்று சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாங்க. தண்ணி தொடைக்கு மேல். நானும் இறங்கி மொண்டேன். மொள்ள மொள்ள ஊறியது. நெய்த சேலை மடி உயரத்தில் கட்டையில் சுற்றியிருக்கும். முக்கால் சேலை. சந்தன உடல், அரக்கு பார்டர். அறுத்து எடுத்துவிடலாமா என்று அவங்க கையில் கத்தியை வைத்துக்கொண்டு யோசித்த நேரத்தில் தண்ணி அதைத் தொட்டுவிட்டது. அரக்குச் சாயம் சந்தனத்தில் இறங்கியது. மெதுவாகத்தான் இறங்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வேலைக்கு ஆவுதுபா" என்றாங்க. "தண்ணி பூமிக்குள்ளதான் போவுது."

மழை விட்டதும் தெருவே வந்து பார்த்தது. சைக்கிள் கடைக்காரர், "நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் ஆபீசுக்காரன் ரூம்ல உக்காந்துக்கினு போட்ட திட்டம்" என்றார். மாடி வீட்டுக்காரர் சேலையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். திட்டவில்லை. "எல்லாரும் பண்ற மாதிரி பண்ணியிருக்கலாம்லமா" என்றார். அடுத்த பாவு அவங்களுக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வேறு முதலாளிகளிடம் கேட்டாங்க. "தண்ணி வர்ற குழி" என்று அதற்குள் பேர் பரவியிருந்தது. நான் போய் அந்தச் சேகரிப்புக் குழியை மூடித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்" என்றாங்க.

தை முடிந்து அந்த வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போயிட்டாங்க. தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றினது நான்தான்.

எங்க பக்கம் போர் போட்டாங்க. அந்த வரைக்கும் மாடி வீட்டுக்காரர் சொன்னது பொய் இல்லை. முன்னூறு அடிக்கு இறக்கினாங்க. முதல் வருஷம் தண்ணி வந்தது. இரண்டாம் வருஷம் கலங்கலாக வந்தது. மூணாம் வருஷம் காற்று வந்தது. தெருக் கிணறு அதற்கு முன்னாலேயே செத்துப்போச்சு. குப்பையைக் கொட்டினாங்க. பிறகு கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடினாங்க. இடிபாட்டைக் கொட்டினதில் என் கையும் உண்டு. இப்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே தண்ணி லாரிதான். கிணறு இருந்த இடத்தில் லாரி நிற்கும். தெருக்காரங்களும் நாங்களும் ஒரே வரிசையில் குடத்தோடு நிற்கிறோம். அதில் யாருக்கும் கோபம் இல்லை. லாரியில் வருவது யார் கிணற்றுத் தண்ணி என்று யாரும் கேட்பதில்லை.

தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டாங்க. அதற்கப்புறம் வந்த முதல் மழையில் தண்ணி தெரு முழுக்க ஓடி, காலனிப் பக்கத்திலிருந்தும் ஓடி, கிணறு இருந்த இடத்தில் வந்து முழங்கால் அளவு நின்றது. மாடி வீட்டு வாசலில். அவர் படியில் நின்று, "எங்கிருந்துபா இவ்ளோ தண்ணி வருது?" என்று என்னைக் கேட்டார். மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி கேட்டாரா, தெரியாது.

அக்காவை அதற்கப்புறம் ஒரு தடவைதான் பார்த்தேன். ஏனாத்தூரில் பசங்க படிக்கிற இடத்தில் கட்டட வேலை. மத்தியானம் கை கழுவ மெஸ் பின்பக்கம் போனேன். அங்கே உட்கார்ந்து பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாங்க. தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "கொத்தனாரா? வா" என்றாங்க.

பக்கத்து ஹாலில் மைக்கில் பேச்சுப் போட்டி. பூமி சூடாவதைத் தடுக்க என்ன செய்யணும் என்பது தலைப்பு. வாசலில் துணியில் எழுதிக் கட்டியிருந்தாங்க. ஒரு பொண்ணு பணக்கார நாடுங்கதான் செலவு செய்யணும் என்றது. ஒரு பையன் எல்லாரும் சமமாகத்தான் சுமக்கணும் என்றான். ஒவ்வொருத்தர் முடிக்கும்போதும் மணி அடிச்சாங்க. கை தட்டினாங்க. நன்றாகத்தான் பேசினாங்க.

நான் அக்கா எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷமாக மனசில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"வாட்டம் இருந்துச்சிக்கா. ஒரு மொழத்துக்கு மேல."

கை நிற்கவில்லை. "தெரியும்பா" என்றாங்க.

"தெரியுமா?"

"நீ அளக்கறதுக்கு மொதல் நாள் விடிகாலையில தெருத் தலையில நாலு கொடம் தண்ணி ஊத்திப் பாத்தேன். பள்ளத்துல நின்னு நின்னு, கடைசியில கெணத்தண்டதான் போச்சி. ஒரு நாள் குடி தண்ணி அது. நான் சொன்னா பொம்பளை கொடத்துல ஊத்திப் பாத்தது செல்லாதுன்னுவாங்க. கொத்தனார் டியூப் வச்சிச் சொன்னா செல்லும்னு நெனைச்சேன்."

"அன்னிக்கி மண்டபத்துல ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ அங்க நின்னுக்கினு இருந்தியே."

ஹாலில் மணி அடிச்சாங்க.

நான் அவங்க வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, அப்புறம்?" என்று கேட்பாங்க என்று காத்திருந்தேன். கேட்டால் கிணறு மூடினது, போர் வற்றினது, ரோட்டில் தண்ணி நிற்பது எல்லாம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவங்க கேட்கவில்லை. அண்டாவைக் கவிழ்த்தாங்க. கழுவின தண்ணி சிமெண்ட் தரையில் ஓடியது. அது எந்தப் பக்கம் போகிறது என்று நான் பார்த்தேன். அவங்க பார்க்கவில்லை. அடுத்த அண்டாவை இழுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பிச்சாங்க.